தவிட்டுக் குருவிகள் ஒட்டி உட்கார்ந்த கதை

பறவைகளுக்கும் ஆமைகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், தவிட்டுக் குருவிகள் கூட்டமாகத் திரியவில்லை. ஒரு மரத்துக்கு ஒரு இணை என்பதுதான் அவற்றின் ஏற்பாடு. குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்ததும் அவை வேறு மரம் தேடிப் போய்விட வேண்டும். இணையில் ஒன்று செத்துப்போனால் மற்றது அதே மரத்தில் தனியாக இருந்து காலத்தைக் கழிக்க வேண்டும். எப்போதோ வந்த ஒரு பஞ்சத்தில் புழு பூச்சிக்காக ஒன்றையொன்று கொத்திக் கொன்றதால் முன்னோர்கள் பேசி வைத்த முறை அது. பஞ்சம் போய்ப் பல தலைமுறை ஆகியிருந்தது. முறை மட்டும் போகவில்லை.

அருகில் இருந்தால் அவை பேசிக்கொள்ளும். ஆனால் தூரத்துக்குக் கேட்கும்படி போடும் சத்தம் என்று அவற்றுக்கு ஒன்றுதான் இருந்தது. விடிந்ததும் மர உச்சிக்குப் போய் அந்தச் சத்தத்தைப் போடும். ‘இது என் மரம், வராதே’ என்று அதற்குப் பொருள்.

ஒரு கண்மாய்க்கரையில் நின்ற கருவேல மரத்தில் மூக்காயி என்ற தவிட்டுக் குருவி இருந்தாள். அவளுடைய இணை ஒச்சுவை ஒரு கோடைகாலத்தில் வல்லூறு தூக்கிப் போய்விட்டது. மூக்காயி கிளையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கு முன்னால் நான்கு முறை குஞ்சு பொரித்திருந்தாள். அவை எல்லாம் எந்தெந்த மரத்தில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் போக முடியாது.

முதல் சில மாதங்கள் எப்படியோ ஓடின. அதன் பிறகுதான் வயது அவளைப் பிடித்தது. முன்பெல்லாம் வெளிச்சம் வருவதற்குள் தரைக்கு இறங்கி, சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்குவாள். இப்போது வெயில் ஏறிய பிறகுதான் கண்ணைத் திறந்தாள். தரைக்கு இறங்கச் சோம்பலாக இருந்தது. பக்கத்தில் காய்த்திருந்த பழங்களையே அலகு எட்டும்வரை எட்டித் தின்றாள். சில நாள் வயிறு வீங்கும் அளவுக்குத் தின்றாள், சில நாள் ஒன்றுமே தின்னவில்லை. குளித்துப் பல நாள் ஆகியிருந்தது. பிடரியில் உண்ணிகள் ஏறியிருந்தன. அந்த இடத்துக்கு அவள் அலகு எட்டாது. ஒச்சு இருந்தவரை அவன்தான் அதைப் பார்த்துக்கொண்டான்.

கால் மடங்க மறுத்த ஒரு காலையில் அவளுக்குப் பயம் வந்தது. தட்டுத்தடுமாறிக் கண்மாய்க்குப் போய், அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமையிடம் யோசனை கேட்டாள். அந்தப் பக்கத்தில் ஆமையைவிட வயதானவர் யாரும் இல்லை. அதன் கண்ணும் காலும் இன்னும் நன்றாக இருந்தன.

ஆமை ஒளிக்காமல் சொன்னது. விடிந்ததும் எழுந்து உடம்பில் வெயில் படும்படி இருக்க வேண்டும். பசி இருக்கிறதோ இல்லையோ தினமும் ஒரு தூரம் நடக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரே பழத்தைத் தின்னாமல் பலதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். வயிறு முக்கால் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். குளிக்காமல் இருக்கக் கூடாது. இருட்டியதும் தூங்கிவிட வேண்டும். இவ்வளவுதான் தான் செய்வதாகவும், இதற்கு மேல் தனக்கு ஒரு வித்தையும் தெரியாது என்றும் சொன்னது.

மூக்காயி மறுநாளே தொடங்கினாள். எழுந்தாள், வெயிலில் நின்றாள், கரையில் தத்தித் தத்தி நடந்தாள். ஒரு மாதத்தில் கால் கொஞ்சம் இளகியது. ஆனால் அடைமழை வந்த ஒரு நாள் அவள் இறங்கவில்லை. மறுநாள் மழை இல்லை, அப்போதும் இறங்கவில்லை. இறங்கவில்லை என்பதைக் கவனிக்க ஒருவரும் இல்லை. மூன்றாம் நாள் அவள் மறுபடி பழைய கிளையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மழை விட்ட பிறகு அந்தப் பக்கமாக வந்த ஆமை, நடக்கிறாயா என்று விசாரித்தது. அவள் இல்லை என்றாள்.

“ஏன்?”

“யாருக்காக எழுந்திரிக்கிறதுன்னு தெரியல,” என்றாள் மூக்காயி.

 தன்னிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்றது ஆமை. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டால் தனக்குப் போதும், குருவிக்கு எது போதும் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியது.

மூக்காயியின் மரத்துக்கும் அடுத்த வாகை மரத்துக்கும் நடுவே ஒரு ஓடை. வாகை மரத்தில் விருமாயி என்று இன்னொரு கிழக்குருவி இருந்தாள். இரண்டு பேருக்கும் ஆகாது. ஓடையில் ஈரம் வந்தால் அங்கே ஈசல் பறக்கும், அதற்காக வருடா வருடம் சண்டை. அவள் ஓடை தன்னுடையது என்பாள், இவள் தன்னுடையது என்பாள். விருமாயியின் இணை அவளுடைய இளவயதிலேயே செத்துப்போனது. முட்டையிட்டு அடைகாத்தவள் இல்லை. வாய் கூர்மையானவள். காலையில் மூக்காயி ‘வராதே’ என்று சத்தம் போட்டால், விருமாயி அதைவிட உரக்க ‘வராதே’ என்பாள். இரண்டு பேரும் ஒரு நாளில் போடும் சத்தம் அவ்வளவுதான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, மூக்காயி மர உச்சியில் ஏறப் போனபோது ஈரக் கிளையில் கால் வழுக்கியது. மரத்தடியில் இருந்த சூரைமுள் புதரில் போய் விழுந்தாள். வளைந்த முள் ஒன்று இறக்கை முதுகோடு சேரும் இடத்தில் ஏறிக்கொண்டது. இழுத்தால் இன்னும் ஆழமாக இறங்கியது. தலையைத் திருப்பிப் பார்த்தாள். பிடரியில் உண்ணி எடுக்க எட்டாத அலகு அங்கேயும் எட்டவில்லை.

அவள் சத்தம் போட்டாள். தூரத்துக்குக் கேட்கிற சத்தம் அவளுக்கு ஒன்றுதானே தெரியும். அதையே போட்டாள். கரை நெடுக எல்லா மரத்திலும் இருந்த தவிட்டுக் குருவிகளுக்கு அது கேட்டது. மூக்காயி வராதே என்கிறாள் என்று நினைத்து, அவை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சில குருவிகள் முறைப்படி பதிலுக்கு ‘வராதே’ என்று சொல்லிவிட்டு இரை தேடப் போயின.

இரண்டு நாள் அப்படிக் கத்தினாள். மழைத்தண்ணீர் இலையில் வழிந்து அலகில் பட்டதுதான் குடிக்கக் கிடைத்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் தொண்டை அடைத்துப் போயிற்று.

மூன்றாம் நாள் காலையில் விருமாயி வாகை உச்சியில் ஏறி ‘வராதே’ என்றாள். பதில் வரவில்லை. இன்னொரு முறை சொன்னாள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஓசை இல்லை. ஓடையில் அன்றைக்கு ஈசல் கிளம்பியிருந்தது. இறங்கி வேண்டிய மட்டும் தின்னலாம், தடுக்க ஆள் இல்லை. விருமாயி இறங்கினாள். இரண்டு ஈசலைக் கொத்தியவள் அதற்கு மேல் தின்னாமல் கருவேல மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஓடையைத் தாண்டினாள். பஞ்சத்துக்குப் பின்னால், கூப்பிடாமல் இன்னொரு மரத்தின் எல்லைக்குள் காலை வைத்த முதல் தவிட்டுக் குருவி அவள்தான். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதாகப் பின்னாளில் அவளே சொன்னாள்.

புதருக்குள் மூக்காயி கண்மூடிக் கிடந்தாள். சருகுச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தவள், விருமாயியைப் பார்த்ததும் கொத்த வந்திருக்கிறாள் என்றே நினைத்தாள்.

“ரெண்டு நாளாக் கத்துனியே, கேட்டுச்சு,” என்றாள் விருமாயி. “வராதேன்னுதானே சொன்ன? நானும் வரல.”

“வேற மாதிரிக் கூப்பிட எனக்குத் தெரியாது.”

“இன்னைக்குச் சத்தத்தையே காணோம். அதான் வந்தேன்.”

 விருமாயி புதருக்குள் நுழைந்து முள்ளை அடிப்பக்கமாகக் கடித்து ஒடித்தாள். அதற்கே மதியம் ஆகிவிட்டது. முள் வெளியே வந்ததும் அந்த இடத்தைச் சுத்தம் செய்தாள். அப்போதுதான் பிடரியைப் பார்த்தாள். உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். மூக்காயி தலையைக் குனிந்துகொண்டாள். ஒச்சு போன நாளிலிருந்து அவளை யாரும் தொட்டதில்லை.

வேலை முடிந்ததும் விருமாயி தலையைக் குனிந்து தன் கழுத்தைக் காட்டினாள். அங்கே இவளுடையதைவிட அதிகமாக உண்ணிகள் இருந்தன.

இறக்கை ஆறும்வரை என்று சொல்லித்தான் விருமாயி அங்கே தங்கினாள். ஆறிய பிறகும் போகவில்லை. மூக்காயியும் போகச் சொல்லவில்லை. ஆமை சொன்னவை எல்லாம் இப்போது தானாக நடந்தன. வெளிச்சம் வந்ததும் விருமாயி இறங்கிவிடுவாள், அதனால் மூக்காயியும் இறங்குவாள். ஒருத்தி சருகைப் புரட்டிக்கொண்டே நகர்ந்தால் மற்றவளும் தத்திக்கொண்டே பின்னால் போவாள், அதில் கரையின் நீளம் முழுக்க நடந்து முடிந்துவிடும். பூச்சி, பழம், முருங்கைப்பூத் தேன் என்று எது கிடைத்தாலும் இரண்டாகப் பகிர்ந்ததில் வயிறு ஒருநாளும் முட்டவில்லை. மத்தியானம் கண்மாய் விளிம்பில் இறக்கையை அடித்துக் குளிப்பார்கள். இருட்டும்போது கருவேலக் கிளையில் போய் அடைவார்கள். விருமாயி எப்போதும் மூக்காயிக்கு இடப்பக்கம்.

புதருக்குள் மேயும்போது ஒருத்திக்கு ஒருத்தி கண்ணுக்குத் தெரியமாட்டாள். அதற்காக ‘இருக்கேன்’ என்று ஒரு சின்னச் சத்தம் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி ‘இருக்கேன்’ என்றால் மற்றவள் உடனே ‘இருக்கேன்’ என்பாள். அது அவர்களுக்குள் தானாக வந்த சத்தம்.

தை பிறந்த சமயம். கரைக் கோடியில் இருந்த இலுப்பை மரத்துச் சோணையின் சத்தம் கேட்டு நாலைந்து நாள் ஆகிவிட்டது என்று விருமாயி ஒருநாள் சொன்னாள். சோணையும் இணை இல்லாத கிழவன்.  அதற்கு முந்திய வாரத்தில் அவன் வழக்கத்தைவிட அதிகமாக ‘வராதே’ என்று கத்தியதை இருவரும் கேட்டிருந்தார்கள். கேட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்கள்.

போய்ப் பார்த்தபோது இலுப்பை மரத்தின் பொந்தடியில் சோணை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். எறும்பு வரிசை வந்து போய்க்கொண்டிருந்தது. உடம்பில் காயம் ஒன்றும் இல்லை. அவன் அலகு எட்டாத முதுகில், இறக்கைகளைச் சுற்றி ஒரு நார் இறுகியிருந்தது. இன்னொருவர் அலகால் இரண்டு இழுப்பு இழுத்தால் அறுந்துவிடும் நார்.

“நமக்குத் தெரிஞ்சிருக்கணும்,” என்றாள் மூக்காயி. “மத்தவங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.”

விருமாயி அந்த நாரை அறுத்தாள். அறுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் அறுத்தாள்.

அன்றைக்கே இருவரும் கிளம்பினார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, ‘இருக்கேன்’ என்ற சின்னச் சத்தத்தை விடாமல் போட்டார்கள். இளம் இணைகள் முறை கெட்டுவிட்டதாகத் திட்டின, சில கொத்தவும் வந்தன. தனியாக இருந்த கிழக்குருவிகள் முதலில் இறங்கி வரவில்லை. ஒற்றைக்கண் குருவி ஒன்று நாலாவது நாள் இறங்கி வந்தது. கால் ஊனமான சடையன் ஒரு வாரம் கழித்து வந்தான், சும்மா தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு. பங்குனிக்குள் ஐந்து பேர் சேர்ந்தார்கள். மூக்காயியையும் விருமாயியையும் சேர்த்து ஏழு. அதற்கு மேல் அந்தக் கரையில் தனிக் கிழங்கள் இல்லை.

ஏழு பேரும் வெகுகாலம் வாழ்ந்தார்கள். திட்டிய இளம் இணைகள் கிழடு தட்டி உட்கார்ந்தபோதும் இவர்கள் சருகைப் புரட்டிக்கொண்டு கரையில் தத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து அந்த இணைகளும் மெல்ல மெல்ல ஏழேழாகக் கூடத் தொடங்கின.

ஆனால் வெகுகாலம் என்பதற்கும் ஒரு முடிவு உண்டு. ஒரு மார்கழியில், குளித்துவிட்டு இறக்கை உலர்த்தும்போது விருமாயி கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ‘இருக்கேன்’ என்று மற்றவர்கள் சொன்னபோது அவள் பதில் சொல்லவில்லை. மூக்காயி பொழுது சாயும்வரை அவள் பிடரியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை கிளையில் அடைந்தபோது மூக்காயி தன் இடப்பக்கம் ஒரு குருவி உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். மரியாதையாக மற்றவர்களும் அந்த இடத்தைத் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. மார்கழிக் குளிர் அந்த இடைவெளி வழியாக வந்து அவள் விலாவில் இறங்கியது. அவள் தாமதமாக எழ ஆரம்பித்தாள். ஒரு நாள் தரைக்கு இறங்கவில்லை. ஆறு பேர் இருந்த கிளையில் அவள் ஒச்சு போன கோடையில் இருந்ததைப் போலத் தனியாக இருந்தாள்.

அந்தச் சாயங்காலம் சடையன் நொண்டிக்கொண்டே கிளையில் நகர்ந்து வந்து, அந்த இடத்தின் ஓரத்தில் நின்றான்.

“கொஞ்சம் இடம் கொடு, மதினி.”

“அது விருமாயி இடம்.”

“தெரியும்,” என்றான் சடையன். “எங்களுக்கும் குளிருது.”

 மூக்காயி நகரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சடையன் இடைவெளியில் உட்கார்ந்து அவள் விலாவோடு விலாவாக ஒட்டினான். அவன் விட்டுவந்த இடத்தை ஒற்றைக்கண் குருவி நகர்ந்து அடைத்தது. அதன் பின்னால் மற்றவை நகர்ந்தன. சற்று நேரம் கழித்து மூக்காயி பிடரி தெரியத் தலையைக் குனிந்தாள். சடையன் கோதத் தொடங்கினான். அவனுக்கு விருமாயி அளவுக்குப் பக்குவம் இல்லை, இரண்டு மூன்று இடத்தில் வலித்தது. அவள் பொறுத்துக்கொண்டாள். மறுநாள் வெளிச்சம் வந்தபோது ஆறு பேரும் தரையில் இருந்தார்கள்.

அன்று முதல்தான் தவிட்டுக் குருவிகள் அந்தி சாய்ந்ததும் ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி உட்காருகின்றன. வரிசையின் நடுவிலிருந்து ஒன்று இல்லாமல் போனால், மீதி உள்ளவை ஒவ்வொன்றாக நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்கின்றன.