மரகதவல்லி கேட்க மறந்தது

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனி நடத்தும் மரகதவல்லி, யாருக்கும் அசைந்துகொடுக்காதவள் என்று பெயர் எடுத்தவள். அன்று மடத்துக்கு வந்து திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய குருவான சாமி அவளைவிட வயதில் இளையவர். பூஜைச் சொம்பைத் துலக்கியபடி காத்திருந்தார்.

"கம்பெனியைப் பெரிய கம்பெனியோட சேர்த்துட்டேன் சாமி. நேத்து கையெழுத்துப் போட்டாச்சு. வக்கீல் அமால்கமேஷன்னு ஏதோ சொன்னாரு. எனக்கு அப்பாவை நானே கொன்ன மாதிரி இருக்கு."

"ஏன்?"

"போர்டுல இனி அவங்க பேருதான். அப்பா பேரு போயிட்டு."

சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"வக்கீல் சொன்ன அந்த வார்த்தை முதல்ல வியாபாரிகளோடது இல்லம்மா," என்றார் சாமி. "அந்தக் காலத்து ரசவாதிகளோடது. தங்கத்தைப் பாதரசத்துல குழைக்கிறதுக்கு அவங்க வச்ச பேரு. ரொம்பப் பின்னாலதான் ரெண்டு வியாபாரம் ஒண்ணாகிறதுக்கும் அதையே சொன்னாங்க."

"குழைச்சா தங்கம் என்ன ஆகும்?"

"கண்ணுக்கே தெரியாது. அதைச் செம்புல பூசி நெருப்புல காட்டுவாங்க. பாதரசம் ஆவியாப் போயிரும். தங்கம் ஒட்டிக்கிட்டு நிக்கும். இந்தச் சொம்பும் அப்படிப் பூசினதுதான்."

சொம்பை அவள் கையில் கொடுத்தார். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அவளுக்கு எரிச்சலாக வந்தது. முலாம் பூசுகிற கதை கேட்கவா பஸ் ஏறி வந்தாள்?

"பேச்சுவார்த்தையில நீங்க என்ன கேட்டீங்க?"

"நம்ம பொம்பளைங்க மாவு உருண்டையை வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளைப் பாத்துக்கிட்டே அப்பளம் இட்டுக் கொண்டாந்து தருவாங்கல்லா? அப்பா வச்ச வழக்கம். எல்லாரும் ஃபேக்டரிக்கு வரணும்னு பெரிய கம்பெனிக்காரங்க நின்னாங்க. நான் விடுவனா? பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். கடைசில அவங்கதான் இறங்கி வந்தாங்க."

பழைய மிடுக்கு எட்டிப்பார்த்தது.

"அப்பா பேரைக் கேட்டீங்களா?"

முகம் தொங்கிப்போயிற்று. "அதுதான் சாமி நான் செஞ்ச பாவம். அந்தச் சண்டையில அது ஞாபகமே வரல. சுத்தமா மறந்துட்டேன்."

சாமி வாய்விட்டுச் சிரித்தார்.

"தங்கத்தைக் கேட்க யாராவது மறப்பாங்களாம்மா?"

மரகதவல்லி கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள்: ஆவியாகிப் போனது பேர்தான், அப்பா வைத்த வழக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.