கூத்தன் படகில் யாரும் பேசுவதில்லை

ராஜாக்களுக்குக் கிரீடத்தில் பதிக்க முத்து போதாமல் போன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் தென்கடல் ஓரமாக மணற்குடி என்று ஒரு ஊர். அந்த ஊரில் கூத்தன் என்று ஒருவன். கதை அவனுடையதுதான். கேட்கிறவர்கள் பெரியவர்களாக இருந்தால் கொஞ்சம் உறுத்தும். சின்னவர்களாக இருந்தால் பரவாயில்லை, உறுத்துவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

கூத்தன் முத்துக் குளிப்பவன். முத்துக் குளிப்பது என்றால் சும்மா இல்லை. கனமான கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்க வேண்டும். அடியில் பாறைமேல் சிப்பி அப்பிக் கிடக்கும். அந்த இடத்துக்குப் பார் என்று பெயர். சிப்பியைப் பிய்த்துக் கூடையில் போட வேண்டும். மூச்சு தீருவதற்கு முன்னால் இடுப்பில் கட்டிய கயிற்றை இழுத்துக் காட்டினால், படகில் இருப்பவன் மேலே தூக்குவான்.

இந்த வேலையில் கூத்தனை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் மேலே வந்து, இருமி, துப்பி, வெற்றிலை போட்டு முடிக்கும்போதும் கூத்தன் கீழேயே இருப்பான். பல வருஷம் பிறர் படகில் முங்கி, வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு படகு வாங்கினான். ஊர் அவனைச் சம்மாட்டி என்று கூப்பிட ஆரம்பித்தது. படகு வைத்திருப்பவனுக்கு அங்கே அதுதான் மரியாதை.

இன்னொரு படகும் வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசைப்பட்டதில் தப்பு இல்லை. வேலை தெரிந்தவன் முதலாளி ஆனால், தன்னைத் தவிர யாருக்கும் வேலை தெரியாது என்று நினைத்துக்கொள்வான். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மணற்குடியில் ஒரு வழக்கம் உண்டு. முங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். கயிற்றின் அந்த முனையில் அக்காளின் தாலி கிடக்கிறது என்றால் எவன் கண்ணயர்வான்? அதனால் கூத்தனின் கயிற்றை அவன் மச்சினன் நம்பி பிடித்தான்.

நம்பிக்கு விரல் நுனியில் கண் இருந்தது என்றே சொல்ல வேண்டும். கயிறு கொஞ்சம் வேறு மாதிரி ஆடினாலும் தூக்கிவிடுவான். ஒரு நாள் கூத்தன் கொத்துச் சிப்பியில் கை வைத்த நேரம் பார்த்துத் தூக்கிவிட்டான். கூத்தன் கடல் தண்ணீரைக் கக்கிக்கொண்டே கத்தினான்.

“யாருல தூக்கச் சொன்னா?”

“கயிறு ஒரு மாதிரி ஆடுச்சு அத்தான். பயந்துட்டேன்.”

“மூணு தடவ இழுத்தா தூக்கு. இல்லன்னா கல்லு மாதிரி உக்காந்திரு. உனக்கு எதுக்குல யோசன? நான் இருக்கேன்லா?”

நம்பி கயிற்றைச் சுருட்டி வைத்தான். மறுநாள் வேறு படகுக்குப் போய்விட்டான். வழக்கத்தை உடைத்தவன் என்று ஊர் கூத்தனைப் பற்றிக் குசுகுசுத்தது. அவன் மனைவி இசக்கி முகம் கொடுத்துப் பேசவில்லை. கூத்தன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது குட்டியாண்டி. சுக்கான் பிடிக்கிறவன், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவன். ஒரு நாள் காலையில் அவன் மெல்ல வாயைத் திறந்தான்.

“சம்மாட்டி, இங்க தண்ணி கலங்குது. கொஞ்சம் வடக்க தள்ளிப் போனா…”

“உனக்கு எதுக்கு யோசன? நான் இருக்கேன்லா?”

வடக்கே போன படகுகள் அன்று நிறைந்து திரும்பின. கூத்தன் அதை அதிர்ஷ்டம் என்றான். குட்டியாண்டி அதற்குப் பிறகு தண்ணீரைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுக்கானை மட்டும் பார்த்தான்.

மூன்றாவது மாடன். நம்பியின் இடத்துக்கு வந்தவன். மூன்று தடவை இழுத்தால்தான் தூக்க வேண்டும் என்று அவனுக்கும் சொல்லியிருந்தது. ஆள் மலை மாதிரி. தனியாக நின்றே நங்கூரத்தைத் தூக்கிவிடுவான். வந்த புதிதில் கூடையின் வாயை வேறு விதமாக முடிந்து பார்த்தான். அந்த முடிச்சில் ஒரு சிப்பிகூட நழுவவில்லை. கூத்தனோ கூடையை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, பழைய மாதிரியே முடிந்து கொடுத்தான்.

“உனக்கு எதுக்கு யோசன?” என்றான். மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாடனுக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.

அப்புறம் மாடன் தங்கமாகிவிட்டான். சொன்னதைச் செய்வான். சொல்லாததைச் செய்யமாட்டான். கூத்தன் கரையில் போய்ப் பெருமையடித்தான். “எம்படகுல சத்தமே கெடையாது பாத்தீரா? ஆளுன்னா அப்படி இருக்கணும்.”

சத்தம் இல்லைதான், ஆனால் கேள்வி இருந்தது. யோசிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டால் ஆட்கள் வேறு என்ன செய்வார்கள்? எல்லாவற்றையும் கேட்டார்கள். நங்கூரம் போடட்டுமா சம்மாட்டி? கயித்த நனைக்கட்டுமா சம்மாட்டி? பசிக்குது, கஞ்சி குடிக்கட்டுமா சம்மாட்டி?

கூத்தன் தலையை மேலே நீட்டியதும் ஒரு கேள்வி, மூச்சு வாங்கும்போது ஒரு கேள்வி, மறுபடி முங்குமுன் ஒரு கேள்வி. முங்குவதும் அவன். திசை சொல்வதும் அவன். கரையில் வியாபாரியிடம் மல்லுக்கட்டுவதும் அவன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுவான்.

ஒரு நாள் இசக்கி கேட்டாள். “படகுல இத்தன பேரு போறீய. மத்தவன் எல்லாம் சிரிச்சுப் பேசிக்கிட்டு வீட்டுக்குப் போறான். நீங்க மட்டும் ஏன் இப்படிச் செத்துச் சுண்ணாம்பாயி வாறீய?”

“அவனுவளுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாத்தையும் நான்தான் பாக்கணும்” என்றான் கூத்தன். மனப்பூர்வமாகத்தான் சொன்னான். அதுதான் பரிதாபம்.

முத்துக் குளிப்புக் காலம் முடியப் போகிற நாள் ஒன்று. காற்று இல்லை, கடல் படுத்துக் கிடந்தது. கூத்தனுக்கு உடம்பு வலித்தது. தோள் வலித்தது. மனசும் வலித்தது என்றால் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். கயிற்றை இடுப்பில் தானே முடிந்துகொண்டான். அந்த வேலையை யாரிடமும் விடமாட்டான். கல்லில் கால் வைத்தான், மூக்கைப் பிடித்தான், இறங்கினான்.

அடியில் ஒரு பெரிய பாறை. முன்பக்கத்தை யாரோ மழித்து வைத்திருந்தார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தான். சிப்பி கொள்ளை கொள்ளையாகக் கிடந்தது. இரண்டாவது படகே அங்கே கிடப்பதுபோல் இருந்தது அவனுக்கு. பிய்த்தான், பிய்த்தான், மூச்சு நெஞ்சைத் தட்டும்வரை பிய்த்தான்.

பிறகு கயிற்றை இழுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று.

கயிறு அசையவில்லை. அவன் பாறையைச் சுற்றி வந்தபோது பின்னாலேயே வந்த கயிறு ஓர் இடுக்கில் சொருகிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் அந்தப் பக்கம் வெறும் நடுக்கம்தான் போய்ச் சேரும். இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். ஊரிலேயே இறுக்கமான முடிச்சு போடுகிறவன் அவன். நனைந்து இறுகிய அந்த முடிச்சு அவனுக்கே மசியவில்லை.

அண்ணாந்து பார்த்தான். படகின் அடி கரும்பட்டையாக மேலே தெரிந்தது. மாடன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். கயிறு நடுங்குவது அவன் கைக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஏதோ சரியில்லை என்று மனசுக்கும் தெரியும். தெரிந்தும் தூக்கமாட்டான். மூன்று தடவை இழுபடவில்லையே. மூன்று தடவை இழுபடாவிட்டால் கல்லு மாதிரி உட்கார வேண்டும். அப்படி உட்கார வைத்தது யார்?

கூத்தனுக்கு எல்லாம் விளங்கியது. காது அடைத்தது. கண்ணுக்குள் சிவப்பாக ஏதோ ஓடியது. இசக்கியை நினைத்தான். பயம் அடங்கி, ஒரு பெரிய அலுப்பு வந்தது. எத்தனை வருஷத்து அலுப்பு அது! கையை விட்டுவிடலாம் போல இருந்தது.

அப்போது கயிறு தளர்ந்தது.

விட்டுவிட்டார்கள் என்று நினைத்தான். ஆனால் தளர்ந்த கயிறு பக்கவாட்டில் நகர்ந்தது, இடுக்கிலிருந்து நழுவியது, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரே இழுப்பாக இழுபட்டது. பாறையில் முதுகு உரசிக்கொண்டு அவன் மேலே போனான். அப்புறம் எதுவும் நினைவில்லை.

கண் திறந்தபோது படகில் குப்புறக் கிடந்தான். மூக்கிலும் காதிலும் ரத்தம். தலையைத் திருப்பிப் பார்த்தான். மாடன் கைகட்டி நின்றுகொண்டிருந்தான்.

“மன்னிச்சிருங்க சம்மாட்டி” என்றான் மாடன். “நீங்க மூணு தடவ இழுக்கல. கயிறு சும்மா நடுங்கத்தான் செஞ்சுது. ரொம்ப நேரம் பொறுத்துப் பாத்தேன். எங்கயோ மாட்டிக்கிட்டுதோன்னு நானா நெனச்சு, தளர்த்திவிட்டு, படகோட அந்தக் கோடிக்குப் போயி இழுத்துட்டேன். நீங்க சொல்லல. தப்புதான். இனிமே செய்ய மாட்டேன் சம்மாட்டி.”

உயிரைக் காப்பாற்றியவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றான். கூத்தனுக்குக் கடலுக்குள் வராத அழுகை அப்போது வந்தது. வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான், கடல் தண்ணீர்தான் வந்தது.

சுக்கானைப் பிடித்தபடி குட்டியாண்டி கேட்டான். “கரைக்குத் திருப்பட்டுமா சம்மாட்டி?”

கூத்தன் மறுபடி இருமினான்.

“இல்ல, இங்கனயே நிக்கட்டுமா?”

முதலாளி ரத்தம் வடியக் கிடக்கிறான். கரை எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் படகு நின்ற இடத்திலேயே நின்றது. அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூத்தன் கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். “ஒனக்கு… ஒனக்கு என்ன தோணுது?” என்றான்.

குட்டியாண்டி திகைத்துப் போனான். மாடனைப் பார்த்தான். மாடன் காலடிப் பலகையைப் பார்த்தான். இதில் ஏதாவது பொறி இருக்குமோ என்று நினைத்தானோ என்னவோ, ரொம்பத் தயங்கித்தான் சொன்னான். “கரைக்குப் போனா நல்லதுன்னு தோணுது.”

கூத்தன் சரி என்று சொல்லவில்லை, தலையாட்டவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டான். குட்டியாண்டி அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுக்கானைத் திருப்பினான். படகு மெல்லத் திரும்பியது. சொந்தப் படகு வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, கூத்தன் படகில் தூங்கினான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். நம்பி திரும்பி வரவே இல்லை. குட்டியாண்டி மறுபடி தண்ணீரைப் பார்க்கப் பழகுவதற்குள் அடுத்த முத்துக் குளிப்புக் காலம் வந்துவிட்டது. மாடன் கடைசிவரை, ஒரு நல்ல காரியம் செய்யும்போதெல்லாம் முதலில் கூத்தனின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் செய்தான். அந்தப் பார்வையைச் சகித்துக்கொள்வதே கூத்தனுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

ஆகவே, கேட்டவர்களே, கூட வேலை செய்கிறவர்களை யோசிக்கவிடாமல் அடக்கி வைக்கிறவன், அவர்கள் வேலையையும் சேர்த்துச் சுமப்பதோடு, தன் உயிர் போகும்போதுகூட அவர்கள் தன் உத்தரவுக்குக் காத்து நிற்பதைத்தான் பார்ப்பான்.