கூடவே வந்த வீடு

டாக்டர் ரத்தினசபாபதி தலைமையிலான ஆராய்ச்சி நிதிக் குழுவிடம் பணம் வாங்குவது லேசான காரியமில்லை. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய்வரும் பணியாளர் சந்தனமாரி அன்று விண்ணப்பத்தோடு அவர் முன்னால் நின்றாள்.

"வாரம் ஒரு மணி நேரம் மேற்பார்வையாளரோட உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசுவீங்களாம். அதனால குழந்தைகளுக்கு என்ன பயன்னு ஆராய நிதி வேணுமாம். அரட்டைக்கெல்லாம் ஆராய்ச்சியா?" என்று சிரித்தவர், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அஞ்சு நிமிஷம் தர்றேன். நிரூபி, பார்ப்போம்."

"சரிங்க ஐயா. எங்க மேற்பார்வையாளர் எடுத்ததும் ஒரு கேள்வி கேட்பாங்க. அதையே உங்ககிட்ட கேட்கலாமா?"

"கேளு."

"நீங்களும் ஊர் ஊரா, வீடு வீடா குழந்தைகளைப் பார்க்கப் போன டாக்டர்தானே. வேலை முடிஞ்சும் மனசைவிட்டுப் போகாம உங்க கூடவே வந்த வீடு எது?"

கிண்டலாகப் பதில் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். ஆனால் வந்தது வேறு. உப்பளத்து ஓரம் ஒரு வீடு. எட்டு மாதக் குழந்தை, அழவே இல்லை. தாய் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடை சரி, தடுப்பூசி சரி. ஏதோ சரியில்லை என்று தோன்றியும், படிவத்தில் 'நலம்' என்று எழுதிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். ஏன் ஏறினேன், ஏன் ஏறினேன் என்று சொல்லிக்கொண்டே போனார். மற்ற உறுப்பினர்கள் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்கள்.

சந்தனமாரி கடிகாரத்தை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள். "நாற்பது நிமிஷம் ஆச்சுங்க ஐயா. இந்த அரட்டைக்குத்தான் நிதி கேட்கிறோம்."

அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அதை அவளிடம் நீட்டும்போது சொன்னார்.

"முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால யாராவது என்கிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா, மறுநாளே அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பேன்மா."