ஊறப்போட்ட அரிசி

இந்தக் கதையில் வரும் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குருவின் பெயர் ரஹமத்நிஷா. திண்டுக்கல்லில் ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே, தன் வீட்டின் முன்னறையில் இட்லி மாவு ஆட்டி விற்கிறார். கல்யாணமான புதிதில் ஒரு நர்சரிப் பள்ளியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அதனால் தெரு முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

சீடர் வைரமணி, நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். பாதி வாழ்க்கை இரவு ஷிப்டில் போனது. தன் வீட்டுக்குள் காலை வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்பதே மில்லை மூடிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு இனி வீட்டை விட்டு வெளியே போய்ச் சம்பாதிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கிரைண்டர் ஒன்று வாங்கினார். தொழில் கற்றுக்கொள்ள வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு ஒரு தட்டை ஏந்திக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பழத்தை வெச்சுட்டுத் தட்டைக் கொண்டு போயிருங்கண்ணே" என்றார் டீச்சர். "இதெல்லாம் வாங்குற வயசு எனக்கு இன்னும் வரல."

"குருன்னு ஏத்துக்கிட்டா ஒரு முறை இருக்குல்ல டீச்சர்."

"இருக்கு. முதல்ல கையைக் கழுவுங்க."

டீச்சர் எதையும் மறைக்கவில்லை. எந்த அரிசிக்கு எவ்வளவு உளுந்து, வெயில் காலத்தில் உளுந்தை ஏன் ஃபிரிட்ஜில் வைத்து ஊறவைக்க வேண்டும், உப்பைக் கரண்டியால் கலக்காமல் ஏன் கையால் கலக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். கேட்டுக்கு மேற்கே இருக்கிற தெருக்கள் வைரமணிக்கு, கிழக்கே டீச்சருக்கு என்று பேச்சு. இருவரும் அதைத் தாண்டியதில்லை.

வைரமணியின் மாவு நன்றாகவே வந்தது. மேற்குத் தெருக்காரர்கள் சாயங்காலம் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் முதல் ஆளாக வருவார். இட்லியில் இவ்வளவு மென்மையைத் தன் மனைவி இதுவரை காட்டியதில்லை என்று ஒருநாள் சொன்னார். அதைக் கேட்டு வைரமணி அன்று ராத்திரி சாப்பிடாமலே வயிறு நிறைந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒரு காலையில் எழுந்தபோது அவருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. காய்ச்சல் இல்லை, கவலையும் இல்லை. ஆட்டத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சிலேட்டில் 'இன்று மாவு இல்லை' என்று எழுதி வீட்டு வாசலில் மாட்டினார்.

அடுத்த வாரமும் அப்படி ஒரு காலை வந்தது. அதற்கடுத்து அடிக்கடி வந்தது. சிலேட்டில் எழுத்து மட்டும் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு போனது. பட்டாளத்துக்காரர் அதை நின்று படித்துவிட்டு, காலித் தூக்குச்சட்டியோடு கடைப் பாக்கெட் வாங்கப் போனார்.

வைரமணி குருவிடம் வந்தார்.

"டீச்சர், ஆர்வம் ஏன் நிக்க மாட்டேங்குது?"

டீச்சர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "மனசு வர்ற அன்னிக்கு மாவு எப்படி இருக்கு?"

"பூ மாதிரி."

"மனசு வராத அன்னிக்கு?"

"அன்னிக்குத்தான் ஆட்டலையே."

"அப்ப எது நல்ல மாவுன்னு உங்களுக்கே தெரியாது. போய்ட்டு வாங்க."

வைரமணி யோசித்துக்கொண்டே போனார். யோசனை முடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை சிலேட்டு மாட்டப்பட்டது.

மறுபடி வந்தார். இந்த முறை கையில் போன்.

"ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன் டீச்சர். காலையில எந்திரிச்சதும் இதைக் கேக்குறேன். தொழில்ல ஜெயிச்ச ஒருத்தர் பேசுறாரு. கேக்கக் கேக்க நரம்பெல்லாம் முறுக்கேறுது. கிரைண்டர் என்ன, கல்குவாரியவே ஆட்டிப்புடலாம் போல இருக்கு."

"ஆட்டினீங்களா?"

"அது முடியுறப்ப அடுத்த வீடியோ தானா வந்துருது."

டீச்சர் சிரித்துவிட்டார். "பேசுறவரு அன்னாடம் பேசிடறாருல்ல?"

"பேசிடறாரு."

"அவரு தொழில் நல்லா நடக்குது."

வைரமணியும் சிரித்தார். ஆனால் பதில் கிடைத்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டில் அவர் மனைவி செண்பகவடிவு கொஞ்ச நாளாக எதுவும் கேட்காமல் இருந்தார். துவைத்துக் காய்ந்த துணிகளை மடித்து வைக்க இடம் இல்லாதபோது கிரைண்டர் மூடிமேல் வைக்கத் தொடங்கினார். முதலில் ஒரு துண்டு. பிறகு இரண்டு சேலை. பிறகு அது துணி வைக்கும் இடமாகவே ஆகிவிட்டது.

இந்த நிலையில்தான் செண்பகவடிவின் தம்பி சோலைராஜ் மதுரையிலிருந்து போன் செய்தான். அவன் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் குடோனுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டுமாம். குடோனுக்கு மேலேயே தங்க அறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து போகலாம்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள முதலாளிக்குச் சொல்லணும் மாமா" என்றான். "இல்லைன்னா வேற ஆளு நிக்குது."

செண்பகவடிவு புருஷனைப் பார்த்தார்.

"போறதுன்னா போங்க. கிரைண்டரை விலைக்குக் கேட்டு ஒரு ஆளு வந்தாரு, அவருகிட்ட குடுத்துருவோம். இருக்கறதுன்னா இருங்க. அது மேல துணி மடிச்சு எனக்கும் அலுத்துப்போச்சு. இதுவா அதுவான்னு ஒண்ணு சொல்லிருங்க."

"உனக்கு எது பிடிக்கும்?"

"நீங்க பகல்ல வீட்டுல இருக்கறது பிடிக்கும். சும்மா இருக்கறது பிடிக்காது."

மறுநாள் விடிந்ததும் வைரமணி ரயில்வே கேட்டைத் தாண்டினார். போகலாமா இருக்கலாமா என்று கேட்க அவர் போகவில்லை. மனதை நிலையாக வைத்துக்கொள்ளும் வழி ஒன்று டீச்சரிடம் இருக்கிறது, அதை மட்டும் தனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்தார். அது தெரிந்தால் இருக்கலாம். தெரியாவிட்டால் மதுரை.

டீச்சர் வீட்டில் கிரைண்டர் ஓடவில்லை.

அவர் முன்னறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. பக்கத்தில் தேநீர் ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

"உடம்பு சரியில்லையா டீச்சர்?"

"உடம்புக்கு என்ன. நல்லாத்தான் இருக்கு."

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை இருந்தாக்கூடப் பரவாயில்ல, ஒரு காரணம் கெடச்சிருக்கும். இந்தக் கிரைண்டர் சத்தத்தையே இன்னிக்குக் கேக்கப் பிடிக்கல. மாவு மேலயும் வெறுப்பு. இட்லி திங்கிற ஊரு மேலயே வெறுப்பு."

வைரமணிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. குருவுக்கும் இப்படித்தான் என்றால் தன் மேல் குற்றம் இல்லை. மதுரை அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

"அப்ப உங்களுக்கும் இது வரும்."

"மாசத்துல பாதி நாள் வரும்."

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

வெளியே பால்காரரின் சைக்கிள் போனது. டீச்சர் ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். எழுந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து ஊறிய உளுந்தை எடுத்துக் கிரைண்டரில் போட்டு சுவிட்சைத் தட்டினார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வெறுப்போடு எழுந்தவர் அதே வெறுப்போடுதான் தண்ணீர் தெளித்தார்.

வைரமணி கூர்ந்து பார்த்தார். எந்த இடத்தில் மனம் மாறியது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"மனசு வந்துருச்சா டீச்சர்?"

"இல்ல."

"அப்ப ஏன் ஆட்டறீங்க?"

டீச்சர் மூலையில் இருந்த பெரிய குண்டானின் மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே அரிசி ஊறி, வெளுத்து, தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

"இதை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"காய வெச்சு வேற எதுக்காச்சும் எடுத்துக்கலாமே."

"காய வெக்கறதும் வேலைதான்ணே. மாடிக்குத் தூக்கிட்டுப் போகணும். துணி விரிக்கணும். காக்கா வெரட்டணும். அதுக்கும் மனசு வரணும்."

"இதை எப்ப ஊறப்போட்டீங்க?"

"நேத்து ராத்திரி, சாப்பிட்டு முடிச்ச கையோட. நீங்க எப்பப் போடுவீங்க?"

வைரமணி கொஞ்சம் தயங்கினார்.

"காலையில. எந்திரிச்சு, மனசு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு."

டீச்சர் திரும்பி அவரைப் பார்த்தார். கிரைண்டருக்குள் கையை விட்டு உளுந்தைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார்.

வைரமணி விடவில்லை. "நேத்து ஊறப்போடுறப்ப உங்க மனசு நல்லா இருந்திருக்கும். அதனால போட்டுட்டீங்க. இன்னிக்கு நல்லா இல்ல. அதுதானே என் கேள்வியே."

"நேத்து ஊறப்போட்டவளுக்கு இன்னிக்கு நான் இப்படி எந்திரிப்பேன்னு தெரியாது. அவ பாட்டுக்குப் போட்டுட்டுப் போயிட்டா. இப்ப அவளை எங்க தேடிப் பிடிச்சுச் சண்டை போடறது?"

உளுந்து பொங்கி வந்துகொண்டிருந்தது. வாசலில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் ஆகும், போய்விட்டு வா என்று டீச்சர் கையாலேயே சொன்னார்.

வைரமணியின் போன் அடித்தது. சோலைராஜ்.

அவர் போனைப் பார்த்தார். குண்டானைப் பார்த்தார். எடுத்தார்.

"மாமா, என்ன சொல்றீங்க? முதலாளி கேட்டுட்டே இருக்காரு."

"வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லு மாப்ள."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சிருந்தா வந்துருப்பேன். வெச்சுர்றேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டார். குடோன் வேலை போய்விட்டது. துணி அடுக்கிய கிரைண்டர் மட்டும் வீட்டில் இருந்தது. திரும்ப நடக்க வேண்டிய தூரத்தை நினைத்துப் பார்த்தார். கேட் அடைத்திருந்தால் நிற்க வேண்டும். டீக்கடையில் பழைய மில்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், கூப்பிடுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது எந்த மனதோடு போய்ச் சேருவோம் என்று அவருக்கே உறுதி இல்லை.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"வீடு போய்ச் சேர்றதுக்குள்ள மனசு மாறிருச்சுன்னா?"

டீச்சர் வழித்த உளுந்தை அடுக்குப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, அரிசிக் குண்டானை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மதினிக்கு இப்பவே போன் போட்டு அரிசியை ஊறப்போடச் சொல்லுங்க. நீங்க போறதுக்குள்ள அது பாதித் தண்ணியைக் குடிச்சிருக்கும். அதுக்கு மேல நீங்க மாறி என்ன பண்ணப் போறீங்க?"