கைப்பையின் இரண்டாவது அறை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்த அலுவலகத்தில் எதிர் மேசையில் வேலை பார்த்த ஒருவர் சொல்லக் கேட்டேன். அவர் சொன்னதற்கு மேல் எதையும் சேர்க்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

சங்கிலிமுத்துவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒயரிங் வேலையை விட்டுவிட்டு நிரல் எழுத வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த நிலோஃபருக்கு முப்பதுகூட ஆகவில்லை. முதல் வாரம் கேலிக்காக "குருவே" என்று கூப்பிட்டார் சங்கிலிமுத்து. போகப்போக அதுவே நிலைத்துவிட்டது. நிலோஃபர் அவரை "அண்ணே" என்பார். அது கேலி இல்லை.

ஆற்றங்கரை நிலையங்களில் நீர்மட்டத்தைப் பார்த்து, அளவு மீறினால் சங்கு ஊதவைக்கும், பைதான் மொழியில் எழுதிய ஒரு நிரல் அவர்களுடையது. நீர்மட்டத்தைப் படிக்கும் பகுதியை மட்டும் சி மொழியில் எழுதி, கணினி நேரடியாக இயக்கும் வடிவத்துக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்து, தனி மாட்யூலாகச் சேர்த்திருந்தார்கள். நிலையத்துக்கு நிலையம் பைதான் வெர்ஷன் வேறு. அதனால் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்து அனுப்புவது வழக்கம்.

அன்று காலை சங்கிலிமுத்து ஒரே ஒரு கோப்போடு வந்தார்.

"குருவே, இனிமே ஒரே கோப்பு. எல்லா வெர்ஷனுக்கும் இதுதான். பேர்லயே 'ஏபிஐ3'ன்னு போட்டாச்சு."

"ஓடுதா?"

"நம்மகிட்ட இருக்கற எல்லாத்துலயும் ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு எரர் கிடையாது."

"கம்பைல் பண்றப்பவுமா?"

சங்கிலிமுத்துவுக்குச் சுருக்கென்றது. நேற்று டீ குடிக்கக் கீழே போன நேரத்தில் இந்தப் பெண் நம் கணினியைத் திறந்து பார்த்துவிட்டதோ?

விஷயம் இதுதான். ஒரே கோப்பு எல்லா வெர்ஷனுக்கும் பொருந்த வேண்டுமென்றால், நிரலின் தொடக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதினால் பைதானின் உள்ளறைகளைக் கம்பைலர் மறைத்துவிடும். பிறகு உள்ளே கைவிட்டு எதையும் எடுக்க முடியாது. பைதானிடம் கேட்டுத்தான் வாங்க முடியும். சங்கிலிமுத்து அந்த வரியை எழுதினார். திரை முழுக்கச் சிவப்பில் எரர்கள். அவருடைய நிரல் பாதி இடங்களில் கைவிட்டுத்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

வரியை அழித்தார். கம்பைல் ஆகிவிட்டது. எல்லா வெர்ஷனுக்கும் பொருந்தும் என்று சொல்லும் 'ஏபிஐ3' பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

"என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"உங்கள இல்லண்ணே. எரர் வராததைத்தான்."

"எரர் வந்தாலும் திட்டறீங்க, வராட்டியும் திட்டறீங்க."

எதிர் மேசைக்காரர் சிரித்தார். நிலோஃபர் சிரிக்கவில்லை.

மதியம் அந்தக் கோப்பு எல்லா நிலையங்களுக்கும் போக வேண்டும். சங்கிலிமுத்துவின் பெயரில் போகும் முதல் வெளியீடு. ஆற்றோரத் தெருக்கள் அந்தச் சங்கை நம்பித்தான் தூங்குகின்றன.

"அடுத்த மாசம் புது வெர்ஷன் வருது. அதுலயும் ஓடுமா?"

"ஓடும் குருவே. இதுவரைக்கும் உள்ளுக்குள்ள எதுவும் இடம் மாறலையே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இடம் மாறினா?" என்றார் நிலோஃபர்.

"அந்த இடத்துல இருக்கற ஏதோ ஒரு எண்ணை எடுத்துக் குடுக்கும்."

"எரர் வருமா?"

"வரும்னு சொல்ல முடியாது."

நிலோஃபர் தன் திரைக்குத் திரும்பினார். தெரிந்துகொண்டே கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா? சங்கிலிமுத்துவுக்குத் தலை விண்விண்ணென்று வலித்தது.

அங்கே யாருக்குத் தலைவலி என்றாலும் நிலோஃபரின் கைப்பைதான் மருந்துக்கடை. இரண்டாவது அறை, வெள்ளை மாத்திரை. சங்கிலிமுத்துவுக்குக் கை பழகிவிட்டது. கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு பைக்குள் கைவிட்டார். அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கினார். தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"அண்ணே, வாயில போடறதுக்கு முன்னாடி அட்டையைத் திருப்பிப் பாருங்க."

பார்த்தார். நிலோஃபரின் அப்பாவுக்கு வாங்கிய சர்க்கரை மாத்திரை. அதே வெள்ளை. அதே வட்டம்.

சங்கிலிமுத்து நிமிர்ந்தார். "வேணும்னே மாத்தி வெச்சீங்களா?"

"என் பைண்ணே. எனக்குத் தோதா அடுக்கி வெச்சிருக்கேன்."

"வெளியில பாத்தா ஒண்ணும் மாறலையே! எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே குருவே. முழுங்கியிருந்தேன்னா?"

நிலோஃபர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். கேட்டிருக்கலாமே."

சங்கிலிமுத்து பாட்டிலை மூடினார். மாத்திரையை மேசைமேல் வைத்தார். கோப்பைத் திறந்து, அழித்த வரியை மறுபடி எழுதினார். திரை சிவந்தது. மதியம் எந்த நிலையத்துக்கும் எதுவும் போகவில்லை.

மாத்திரையை நிலோஃபர் வேண்டுமென்றே இடம் மாற்றினாரா என்பது கதை சொன்னவருக்கும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் நானே பிறகு சோதித்துப் பார்த்தேன். அந்த வரி இல்லாமல் ஒரு சிறிய மாட்யூலைக் கம்பைல் செய்து, பெயரில் மட்டும் 'ஏபிஐ3' என்று சேர்த்து, வேறொரு வெர்ஷனில் ஏற்றினேன். பைதான் பெயரைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை.