நாற்பது லட்சம் கோப்புகள்

கடலோர அலைக் கண்காணிப்பு நிலையத்தின் கணினிகளெல்லாம் யாஸ்மினின் பொறுப்பு. அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஒயர்லெஸ் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்த தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலை செய்ய அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். "குருவே" என்றுதான் கூப்பிடுவார். அதில் கேலி கிடையாது.

ஒரு பிற்பகல் சர்வர் நிரம்பி வழிந்தது. நாற்பது லட்சம் தற்காலிகக் கோப்புகள் குப்பையாகச் சேர்ந்திருந்தன. கடல் மிதவைகள் அனுப்பும் அளவுகளை எழுதிவைக்க இடமில்லை. அடிவானம் கறுத்துவிட்டது. நான்கு மணிக்குப் படகுகள் கிளம்பிவிடும்.

தேவசகாயம் 'எல்லாவற்றையும் அழி' என்று தட்டினார். 'பட்டியல் மிக நீளம்' என்று கணினி மறுத்துவிட்டது.

"குருவே, இத்தனை லட்சத்தை எப்படித்தான் அழிப்பது?"

"அழி என்பதை எடுத்துவிடுங்கள் சார். காட்டு என்று போடுங்கள்."

"மணி மூன்றாகிவிட்டதே!"

"அதனால்தான் சொல்கிறேன்."

ஏழு நாளுக்கு மேல் பழையவற்றைக் காட்டச் சொன்னார். திரையில் வரிகள் அடைமழையாகக் கொட்டின.

"பெயரின் கடைசியில் தற்காலிகம் என்ற வால் இல்லாதவை மட்டும்?" என்றாள் யாஸ்மின்.

கணினியிடம் அதையும் கேட்டார். பன்னிரண்டு வரிகள் நின்றன. மிதவைகளின் திருத்த அட்டவணைகள். அவை இல்லாவிட்டால் வரும் எண்களை அலை உயரமாக மாற்றவே முடியாது.

தீப்பட்டதுபோல் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"ஐயோ, இதுவும் சேர்ந்து போயிருக்குமே!"



அவரே கட்டளையை மாற்றி எழுதினார். வால் உள்ளவை மட்டும், பழையவை மட்டும். காட்டச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பன்னிரண்டும் பட்டியலில் இல்லை. இன்னொரு தடவை பார்த்தார். பிறகுதான் 'காட்டு' இருந்த இடத்தில் 'அழி' வந்தது. எண்டரைத் தட்டினார்.

பதினோரு நிமிடத்தில் சர்வர் மூச்சுவிட்டது. அளவுகள் பாய்ந்து வந்தன. அலை நான்கு மீட்டர்! மூன்றே முக்காலுக்குத் துறைமுக ஒலிபெருக்கி அலறியது. நேரத்துக்கு முந்தியே கிளம்பி முகத்துவாரம்வரை போய்விட்ட இரண்டு படகுகள் கரைக்குத் திரும்புவதை ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்தார்கள். அறையே கைதட்டியது.

தேவசகாயத்துக்குத் தரையில் கால் பாவவில்லை.

"நாற்பது லட்சம், குருவே! ஒரே கட்டளை! எண்டர் தட்டினேன் பாருங்கள், அப்போதே எனக்கு வித்தை கைவந்துவிட்டது."

"இல்லை சார்" என்று சிரித்தாள் யாஸ்மின். "கையை எடுத்தீர்களே, அப்போது."