பட்டன் ஒட்டிய இடம்

மலையடிவாரத்து மடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கு வைக்கும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் வயதான அடியார் நாச்சிமுத்து தன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஈரத் தரையிலேயே கிடந்து, விளக்கு வைத்த பிறகு கூப்பிட்டார். மௌனத்தைக் கெடுக்க வேண்டாமே என்று பார்த்தாராம்.

வயதான அடியார்களைக் கவனிப்பது குழந்தைவேலுவின் பொறுப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர், குருவைவிட மூத்தவர். டவுனுக்குப் போய் ஒயர் இல்லாத அழைப்புப் பட்டன்கள் வாங்கி வந்தார். யார் அழுத்தினாலும் குழந்தைவேலுவின் அறை வாசலில் மணி அடிக்கும். எங்கே ஒட்டுவது என்பதுதான் தெரியவில்லை. கதவோரம் என்றார் ஒருவர். கட்டில் தலைமாட்டில் என்றார் இன்னொருவர். ஆளுக்கொன்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்கள்.

குரு சிவகாமியம்மையிடம் கேட்டார். அவர் எழுந்து நாச்சிமுத்துவின் குளியலறைக்குப் போனார். கட்டிய சேலையோடு தரையில் ஒருக்களித்துப் படுத்து, கையை நீட்டினார். விரல் சுவரைத் தொட்ட இடத்தில் குழந்தைவேலு பட்டனை ஒட்டினார். மற்ற அறைகளிலும் அதே உயரத்தில் ஒட்டினார்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலை குழந்தைவேலு கஞ்சி கொண்டுபோனபோது, நாச்சிமுத்து குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பட்டன் அவர் தோளை உரசிக்கொண்டிருந்தது.

"இதை அழுத்த வேண்டியதுதானே பெரியவரே?"

"விடிகாலையிலதானே வந்து பார்த்துட்டுப் போனீங்க. செருப்பைத் தேய்ச்சு தேய்ச்சு நடந்தீங்க. பாவம், ஓய்ஞ்சு போயிருக்கார்னு நினைச்சேன். எழுந்திருக்க முடியல, சரி, தரை எங்கேயும் ஓடிப் போயிடாதுன்னு உட்கார்ந்துட்டேன்."

அவரைத் தூக்கிக் கட்டிலில் சேர்த்தபோது குழந்தைவேலுவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வெளியே வந்து, வலி இறங்கும்வரை தூணைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பக்கமாகப் போன அடியார் ஒருவர் என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றார். பிறகு இடுப்பைப் பிடித்தபடி மெல்ல நடந்து குருவிடம் போனார்.

"கைக்கெட்டுற இடத்துல இருந்தும் அழுத்த மாட்டேங்கிறார். அடுத்த தடவை நான் போய்ப் பார்க்கிறதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா? இனி எங்கதாம்மா ஒட்டுறது?"

"பட்டன் மிச்சம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"உங்க கட்டில் பக்கத்துல ஒட்டுங்க."

குழந்தைவேலு களைப்போடு சிரித்தார். "நான் அழுத்தினா மணி என் வாசல்லதானே அடிக்கும்?"

"தனியா ஒரு மணி வாங்குங்க அய்யா. நாச்சிமுத்து அறையில மாட்டுங்க."

"அவரால எழுந்து வர முடியாதேம்மா."

"வர வேண்டாம். நீங்களும் கூப்பிடுறீங்கன்னு அவர் காதுல விழட்டும்."